நான் எழுதாம விட்ட எண்கள்

எங்க வீட்டுக்காரர் இன்னைக்குப் பேர் போன சிரிப்புப் பட டைரக்டர். ஏழு படம் எடுத்தாச்சு. ஆனா டைரக்டர் ஆகுறதுக்கு முன்னாடி எழுதின ஒரு படத்தைப் பத்தி மட்டும் வாயே திறக்க மாட்டார். நான் சொல்றேன். அதைக் கெடுத்தவளே நான்தானே!

பதினோரு வருஷம் ஒரு டைரக்டருக்கு எழுதிக் கொட்டினார். அந்த ஆள் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டவே மாட்டான். நான் வெச்ச பேரே 'கண்ணாடி'தான். இவர் எழுதினதைப் பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் படிச்சுக் காட்டுவார். எத்தனை விநாடி சிரிக்கிறாங்கன்னு எண்ணி, ஓரத்துல பென்சில்ல மூணு, அஞ்சுன்னு குறிப்பார். திரையிலயும் அத்தனை விநாடி யாரும் பேசக் கூடாது. பேசினா அடுத்த வசனம் சிரிப்புல முங்கிடும். கண்ணாடி அதை அப்படியே எடுப்பான். காரணம்லாம் தெரியாது.

மூணு படம் ஓடோ ஓடுன்னு ஓடுச்சு. எழுத்து, இயக்கம் எல்லாத்துக்கும் கண்ணாடி பேர்தான். என் மாமியார் ஒவ்வொரு தடவையும் திரை வெள்ளையாகுற வரைக்கும் உட்கார்ந்துட்டு, "உன் பேரு எங்கடா?"ன்னு கேப்பாங்க. இவர் "அடுத்த படத்துலம்மா"ம்பார். எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும்.

நாலாவது கதையைக் கண்ணாடிக்குக் கொடுக்கக் கையால நகல் எடுத்தது நான். ஓரத்து எண் ஒண்ணைக்கூட எழுதல. இவர்கிட்ட மூச்சு விடல. படப்பிடிப்புக்கு இவரைக் கூப்பிடுற வழக்கமும் இல்ல. கண்ணாடி, உன் கொட்டம் அடங்கட்டும்டா!

முதல் காட்சிக்கு மூணு பேரும் போனோம். ஆரம்பிச்சதும் திரை முழுக்க 'கதை, திரைக்கதை, வசனம்'. கீழே இவர் பேர் மட்டும். மாமியார் என் காதுல சொன்னாங்க: "நானே நேர்ல போய்க் கேட்டேம்மா. போடறேன்னான், போட்டுட்டான்."

முதல் ஜோக்குக்குத் தியேட்டரே அதிர்ந்துச்சு. அந்தச் சத்தத்துல அடுத்த மூணு வசனம் போச்சு. "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?"னு ஆளாளுக்குக் கேட்டாங்க. இடைவேளைக்குள்ள சிரிப்பே நின்னு போச்சு. வெளியே வரும்போது, "எவன்யா இதை எழுதினது?"ன்னு ஒருத்தன் கத்தினான். இவர் தலை குனிஞ்சு நடந்தார்.

அப்புறம் நாலு வருஷம் யாரும் கூப்பிடல. மாமியார் அதுக்குள்ள கண்ணை மூடிட்டாங்க. இவர் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஆனா அன்னையிலேர்ந்து நகலை அவரேதான் எடுக்கிறார்.

போன மாசம் கண்ணாடி வாய்ப்புக் கேட்டு வாசல்ல வந்து நின்னான். மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டேன். மூணு படத்துல பேர் போடாததுக்கு இல்ல. நாலாவதுல போட்டானே, அதுக்கு.