கிரகணத்தன்று இறங்கிய தூளி

பாறைமேல் உட்கார வைத்த ஒரு பலாப்பழம்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. பள்ளிக்கூட வாத்தியார் அதைச் சூரியன் என்றார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குளிர்காய்ச்சலில் பல் கிட்டிக்க, அதிலிருந்து கல்லெறி தூரம் நடந்துபோய் நின்றார். முள்நுனியில் குத்தியிருந்த ஒரு மிளகைத் தூக்கிக் காட்டி, நாமெல்லாம் இருக்கிற பூமி இவ்வளவுதான் என்றார். அந்தக் காலை நேரத்தில் அதைக் கேட்கிற பொறுமை அங்கே யாருக்கும் இல்லை. பின்னால் இருந்த குடிசைக்குள் ஒரு பெண் முந்தைய நாளிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள்.

நான் அப்போது கொல்லிமலையில், பைல் நாடு என்கிற பகுதியில், பிரசவம் பார்க்கிற நர்ஸாக இருந்தேன். சுதந்திரத்துக்குப் பல வருஷம் முந்தி. இன்று பஸ் வளைந்து வளைந்து ஏறுகிற மலைக்கு அன்று காலடிப் பாதைதான். கீழேயிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்று அங்கே இருந்தது நானும் வாத்தியாரும் மட்டுமே. இரண்டு பேருக்கும் மாறி மாறி மலைக்காய்ச்சல். கொய்னா மாத்திரையின் கசப்பு நாக்கை விட்டுப் போன நாள் குறைவு. அந்த வருஷங்களை நினைத்தால் சந்தோஷம் துக்கம் எதுவும் முதலில் வருவதில்லை, கால்வலிதான் வருகிறது.

விடியற்காலையிலேயே அவள் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டிருந்தேன். குழந்தையின் துடிப்பு இல்லை. அவள் புருஷனிடமும் மாமியாரிடமும் ஒளிக்காமல் சொன்னேன். குழந்தை போய்விட்டது, தாயையாவது காப்பாற்ற வேண்டும், அடிவாரத்தில் சேந்தமங்கலம் இறக்கி வண்டி பிடித்து நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளி தயாராக இருந்தது. தூக்கத்தான் ஆள் வரவில்லை. அன்று சூரிய கிரகணம். கர்ப்பிணியை அந்த நேரத்தில் வெளியே கொண்டுபோக மாட்டோம் என்று ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். அதனால்தான் வாத்தியாரை வரச்சொல்லி ஆள் அனுப்பினேன்.

வாத்தியார் அவள் புருஷனைக் கூப்பிட்டு மிளகுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். புல் நுனியில் எச்சில் தொட்டு ஒரு கேழ்வரகை ஒட்டி, அதை ஒரு கண்ணுக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொன்னார். “இது நிலா. இப்பப் பழம் தெரியுதா?”

“மறஞ்சு போச்சுங்க.”

“பழத்துக்கு ஏதாவது ஆச்சா?”

“இல்லீங்க. அது பாட்டுக்கு இருக்குது.”

“அவ்வளவுதான் கிரகணம். குறுக்கே ஒண்ணு வருது, போகுது. யாரையும் அது தேடி வரலை.”

மாமியார் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். “பழத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க, சரி. நிழலுக்குள்ள நிக்கறவளுக்கு என்ன ஆவும்னு சொல்லுங்க” என்றாள். நியாயமான கேள்வி. வாத்தியார் “நானும் அந்த நிழல்லதான் வாரேன்” என்று மட்டும் சொன்னார். பிறகு கம்பளியைக் கீழே போட்டுவிட்டு மூங்கிலின் முன்முனையைத் தோளில் வைத்துக்கொண்டார். காய்ச்சலில் நிற்கவே சிரமப்பட்ட மனிதர். புருஷன் ஓடிவந்து அவரை விலக்கித் தன் தோளைக் கொடுத்தான். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

பாதி மலை இறங்கும்போது வெயில் மங்கியது. மேகம் மறைத்ததுபோல இல்லை. வெளிச்சத்திலிருந்த சூடு மட்டும் வடிந்துபோனதுபோல இருந்தது. பறவைச் சத்தம் அடங்கியது. தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். வாத்தியார், “மேல பாக்காதீங்க, கண்ணு போயிரும். கீழ பாருங்க” என்றார். மரங்களின் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் பிறை பிறையாக மாறியிருந்தன. பாதை முழுக்க, எங்கள் கைகளில், தூளியின் மேல், எங்கு பார்த்தாலும் பிறை.

“இதை மிதிக்கலாமுங்களா?” என்று ஒருவன் கேட்டான்.

“வெளிச்சம்தான் சாமி. மிதிக்கலாம்” என்று சொல்லி வாத்தியார் முன்னால் நடந்தார். நாங்களும் நடந்தோம். தூளிக்குள் அவள் முனகவும் தெம்பில்லாமல் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே முந்தைய இரவு இறந்திருக்கும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். அதைப் புருஷன் நேரில் கேட்டான். ஆனால் மலைக்குத் திரும்பியபோது கதை வேறாக இருந்தது. கிரகணத்தில் தூக்கிப்போனார்கள், பிள்ளை போயிற்று என்பதுதான் ஊருக்கு நிலைத்தது. பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றார்கள். வீடு வீடாகப் போய் நான் எடுத்துச் சொன்னேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், கூழ் கொடுத்தார்கள், பிள்ளையை அனுப்பவில்லை. வாத்தியார் எங்கும் போகவில்லை. காலையில் பள்ளியைத் திறந்து, கரும்பலகையைத் துடைத்து, காலியாக இருந்த தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சும்மா” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அதற்கு மேல் அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை.

சாமை அறுப்பு முடிந்த சமயம், ஒரு மத்தியானம் அவருக்கு மருந்து கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். தூளியில் இறக்கிய அந்தப் பெண் வந்தாள். மெலிந்திருந்தாள். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஏச வந்திருக்கிறாள் என்றே நான் நினைத்தேன்.

“ஏனுங்க, அந்தச் சூரியன், நிலா எல்லாம் மொதல்ல எப்படி வந்துச்சுங்க?” என்று கேட்டாள்.

வாத்தியார் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆதியில் சூரியனும் இல்லை, மண்ணும் இல்லை, புகை மாதிரி ஏதோ பரவிக் கிடந்தது, அது தன்னையே இழுத்து இழுத்துத் திரண்டு சூடேறிச் சூரியன் ஆனது, மிச்சம் மீதி இந்தப் பூமியானது என்று படித்தவர்கள் நினைக்கிறார்கள் என்றார். நட்சத்திரக் கூட்டங்களெல்லாம் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போய்க்கொண்டிருப்பதாகப் பத்திரிகையில் போட்டிருந்தது, அப்படியானால் ஒரு காலத்தில் எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி இருந்திருக்க வேண்டும் என்றார்.

“அதுக்கு முன்னால?”

“தெரியாதும்மா. யாருக்கும் தெரியாது.”

“அந்த நிழலு எப்ப விழோணும்னு யாரு சொல்றதுங்க?”

“யாரும் சொல்றதில்லை. அது சுத்துற சுத்துல விழுது. நீ இருந்தாலும் விழும், இல்லாட்டியும் விழும்.”

“அப்ப எம் மேல கோவத்துல யாரும் செய்யலைங்களா? நான் செஞ்ச எதுக்காகவும் இல்லீங்களா?”

“இல்ல கண்ணு. எதுக்காகவும் இல்ல.”

அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். ஊரே அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுத நாட்களில் அவள் அழவில்லை என்று மாமியார் என்னிடம் சொல்லியிருந்தாள். வாத்தியார் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சுவரைப் பிடித்தார். நான் மருந்துப் புட்டியோடு நின்றேன். இன்று அந்த ஆரம்பத்தைப் பற்றி எவ்வளவோ கண்டுபிடித்திருக்கிறார்கள், ரேடியோவில் சொல்கிறார்கள், கேட்கிறேன். அதைக் கேட்டு ஒருவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாத்தியார் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

“உங்களுக்கு மேலு சுடுதுங்க போல. கதவைச் சாத்திட்டுப் படுங்க வாத்தியாரே” என்றாள். “இன்னைக்கு இனி யாரும் வரமாட்டாங்க.”

அவர் பேச்சைத் தட்டாமல் அந்த வெறுந்தரையிலேயே படுத்துக்கொண்டார். கதவை அவளே சாத்தினாள்.