யார் சோற்றில் யார்

பாஞ்சாலி யாரையாவது முதல்முறை பார்த்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, பொத்தானைப் பார்ப்பாள். காஜாத் துளை நெகிழ்ந்திருக்கிறதா, நூல் பிசிறடிக்கிறதா, நாலு ஓட்டையில் இரண்டை மட்டும் தைத்து ஒப்பேற்றியிருக்கிறார்களா என்பதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், "சொல்லுங்க, இன்னா வோணும்?" என்பாள். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவரை ஒருநாள் வாசலிலேயே நிறுத்தி, தொங்கிக்கொண்டிருந்த மேல் பொத்தானைத் தைத்துத்தான் அனுப்பினாள். "ஆபீஸ் ஆளு, நெஞ்சத் தொறந்துகினு திரியலாமா?"

ஸ்ரீராம்புரத்தில் நாலு தையல் கடைக்காரர்கள் காஜாவுக்கும் பட்டனுக்கும் அவளிடம்தான் சட்டை அனுப்புவார்கள். சந்துப் பெண்கள் புதுச்சேலைக்கு ஃபால்ஸ் தைக்க வருவார்கள். முன்னறையின் முக்கால் பங்கு அவளுடைய கால் மிஷினுக்கு. மீதிக் கால் பங்கில் அண்ணன் ஆதிகேசவனின் நாற்காலி.

சனிக்கிழமை கடைகளில் வாங்கி வரும் கூலியை அவள் அண்ணன் கையில் கொடுத்துவிடுவாள். அரிசி, எண்ணெய், அண்ணன் மகள் விஜியின் ஸ்கூல் பீஸ் எல்லாவற்றையும் அவர்தான் போய் வாங்க வேண்டும், கட்ட வேண்டும். சந்தே பார்க்கும். புருஷன் விட்டுப்போய்ப் பெட்டியோடு வந்து நின்ற தங்கையைப் பன்னிரண்டு வருஷமாக வைத்துக் காப்பாற்றுகிற மனுஷன் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. அவள் வந்த புதிதில் அவர் மில்லில் வேலையாக இருந்தார். அப்போது இருந்த மனைவியின் முணுமுணுப்பையும் தாண்டி இரண்டு வருஷம் சோறு போட்டார். மில் மூடியபோது வந்த பணத்தில் முதலில் வாங்கியது தங்கைக்கு அந்தப் பழைய மிஷின்தான். பிறகு மனைவி போய்ச் சேர்ந்தாள், அவருக்கு முட்டி போயிற்று, வேலையும் இல்லை. அதிலிருந்து வீடு மிஷினில்தான் ஓடியது. அதைப் பாஞ்சாலி யாரிடமும் சொன்னதில்லை. "அண்ணன் நிழல்ல கீறேன்" என்பாள், யார் கேட்டாலும்.

அந்த வருஷத்து ஐப்பசி மழையில் ராஜகால்வாய் உடைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் சந்துக்குள் வந்தது. அவள் முதலில் பரண்மேல் ஏற்றியது ஊரார் சேலைகளை. அடுத்தது கடைச் சட்டைகளை. மிஷினைத் தூக்க ஆள் கூப்பிடுவதற்குள் பெடல் முங்கிவிட்டது. இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் நின்றதில் பலகை உப்பிப் பிளந்தது, சக்கரம் இறுகிப்போயிற்று.

மழையில் தொழில் கருவி போனவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்றார்கள். அண்ணனும் தங்கையும் ரேஷன் கார்டோடு வார்டு ஆபீஸ் வரிசையில் நின்றார்கள். குமாஸ்தா கார்டைப் பிரித்தார். முதலில் ஆதிகேசவன், அடுத்து விஜி, கடைசியில் பாஞ்சாலி. அவள் பெயருக்கு எதிரே ஊர் பாஷையான கன்னடத்தில் இருந்ததை அவர் விரலை வைத்துப் படித்தார்.

"அவலம்பித."

"இன்னா அவலம் சார்?" என்றாள்.

"அவலம் இல்லம்மா. இன்னொருத்தர நம்பி இருக்கறவங்கன்னு அர்த்தம். பணம் தனியா சம்பாரிச்சுச் சாப்புடறவங்களுக்குத்தான். நம்பி இருக்கறவங்களுக்குக் கெடையாது."

"மிஷினு என்னுதுதானே சார். சரி, அண்ணன் பேருக்குக் குடுங்க."

"அவருக்குத் தொழிலே இல்லியே. என்ன கருவி போச்சுன்னு எழுதறது?"

மிஷின் உள்ளவளுக்குக் கார்டில் சம்பாதிக்கிறவள் என்ற இடம் இல்லை. அந்த இடம் உள்ளவருக்கு மிஷின் இல்லை. குமாஸ்தா நல்ல மனுஷன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லுங்க போதும், அண்ணன் கையெழுத்த வாங்கிட்டு மாத்திடறேன். யாரு நோட்கொள்தாரெ நிம்மன்ன?" என்றார். உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி. 'யாருமில்லை, என் உழைப்பு' என்றால் முடிந்தது.

பின்னால் பாதிச் சந்து நின்றது. எதிர்வீட்டு எல்லம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"எங்கண்ணன்தான் சார்" என்றாள் பாஞ்சாலி.

குமாஸ்தா கார்டை மூடினார்.

திரும்பி வரும்போது ஆதிகேசவன், "ஏம்மா அப்டிச் சொன்ன?" என்றார்.

"சும்மா வாண்ணா. மறுபடி மழ வராப்ல கீது."

அதன் பிறகு கையால் காஜா எடுத்தாள். ஒரு காஜாவுக்கு மிஷினில் ஆகிற நேரத்தைவிட ஏழெட்டு மடங்கு ஆனது. வெளிச்சம் போதாமல் வாசற்படியில் உட்கார்ந்தாள். இரண்டு கடைக்காரர்கள், "மிஷின் வரட்டும்மா, அப்பறம் பாக்கலாம்" என்று சட்டை அனுப்புவதை நிறுத்தினார்கள். ஆதிகேசவன் நாற்காலியில் உட்கார்ந்து அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டுவிரல் நுனி ஊசி குத்திக் குத்திக் கறுத்திருந்தது. அந்தச் சனிக்கிழமை அவள் நீட்டிய கூலியை அவர் வாங்கவில்லை. "நீயே வெச்சுக்கோ" என்றார். அவளுக்கு அது ஊசியைவிட ஆழமாகக் குத்தியது. ஏதோ குற்றம் செய்துவிட்டதுபோல இரவெல்லாம் புரண்டாள்.

திங்கட்கிழமை காலை அவர் சவரம் செய்துகொண்டு, முட்டியைப் பிடித்தபடி வெளியே போனார். எங்கே என்று சொல்லவில்லை. பதினோரு மணிக்கு எல்லம்மா வந்து, "உங்கண்ணன் வார்டாபீசு லைன்ல நிக்கறாரு, தெரியுமா?" என்றாள். சண்டைக்குத்தான் போயிருக்கிறார் என்று பயந்து பாஞ்சாலி செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் ஜன்னலருகே வந்திருந்தார்.

"கார்டுல தப்பா கீது சார். என் தங்கச்சி என்ன நம்பி இல்ல" என்றார்.

மின்விசிறிச் சத்தத்தில் குமாஸ்தாவுக்குக் கேட்கவில்லை. "ஜோரா, சத்தமா சொல்லுங்க."

ஆதிகேசவன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "மில்லு மூடனதுலர்ந்து நான்தான் அவ சோத்துல இருக்கேன். எம் பொண்ணு பீசும் அவதான் கட்றா. நான் சும்மா அவ பணத்த எடுத்துகினு போய்க் குடுக்கறதோட சரி."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ செருமினார்கள். குமாஸ்தா ஒரு தாளை எடுத்து எழுதினார். "அடுத்த பட்டியல்ல அவங்க பேரு வரும். பதினஞ்சு நாள் ஆகும். இங்க சைன் போடுங்க."

ஆதிகேசவன் பேனாவை வாங்கினார். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது. அத்தனை பேரும் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலி வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். அவர் முதுகை ஒட்டினாற்போலத் திரும்பி, வரிசையை நேருக்கு நேர் பார்த்தபடி, அவர் கையெழுத்து முடிகிறவரைக்கும் அங்கேயே நின்றாள்.