யோசுவாவின் இலைப்பொதி

யோசுவா அந்த வெள்ளை டப்பாவின் அடியை நகத்தால் சுரண்டுகிறான். நேற்று மாலை தண்ணீரில் ஊறப்போட்டது. காகிதம் கூழாகிவிட்டது. அதன் அடியிலிருந்து வெங்காயத் தோல்போல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறான்.

"பாத்தியா அக்கா? மக்கும் எண்ணு மேல அச்சடிச்சிருக்கான். அச்சடிச்சா மக்கிருமா?"

சோறு கட்ட என்று விற்க வந்தவர் பார்வைக்கு விட்டுப்போன டப்பாக்கள் பதினொன்று. பதினொன்றையும் இப்படித்தான் ஊறவைத்து உரித்தான். ஒன்றுகூடத் தேறவில்லை.

என் தம்பிக்கு வயது முப்பத்தெட்டு. நேமத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் மதியச் சோறு கட்டுகிறான். முன்பு ஓர் ஓட்டலில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். கொதிக்கும் குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போடுவது வேலை. ஒருநாள் பையை முகர்ந்து பார்த்து, "இது குழம்புக்க மணம் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தவன், திரும்பப் போகவில்லை.

இப்போது எல்லாம் வாழை இலைதான். இலையைத் தணலில் வாட்டி, சிவப்பரிசிச் சோற்றைச் சூடாகப் பரப்பி, ஓரத்தில் அவியல், தேங்காய்த் துவையல், பொரித்த சாளை மீன் இரண்டு வைப்பான். நான்கு பக்கமும் மடித்து வாழைநாரால் கட்டினால், தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு பருக்கை சிந்தாது. குழம்பு எவர்சில்வர் சம்புடத்தில் போகும். மறுநாள் காலிச் சம்புடம் திரும்பும். அதையும் முகர்வான். "இது சோப்பு காணாத சம்புடம். ஆபீஸ்ல மூணாவது மேசைக்காரன்." வெங்காயம் வரும் வலைச் சாக்கைக்கூட எறிய மாட்டான். அந்த வலையை வெட்டி மடித்து, அதைக் கொண்டுதான் இலைகளைத் தேய்த்துக் கழுவுவான். கடையில் தேய்ப்பான் வாங்கினால் வீட்டுக்குள் இன்னொரு பிளாஸ்டிக் வந்துவிடும் என்பது அவன் கணக்கு.

பொதிகளை ஸ்கூட்டரில் கொண்டுபோகிறவன் அபிலாஷ். தினமும் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஓரடி விலகி நிற்பான். யோசுவா குனிந்து உள்ளே மணம் பிடித்த பிறகுதான் பொதிகள் ஏறும்.

நகரத்தில் பட்டம் என்ற பகுதியில் ஓர் அலுவலகத்துக்குத் தினமும் முப்பத்திரண்டு பொதி. எங்கள் அடுப்பு எரிவது அந்த முப்பத்திரண்டால்தான். தங்கள் குப்பைக்கூடையில் பிளாஸ்டிக் விழக்கூடாது என்பதற்காகவே எங்களிடம் வாங்குகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு பொதியின் மடிப்பில், விரல் நீளத்துக்குச் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் நூல் கிடந்தது. பொறுப்பிலுள்ள ரெம்யா மேடம் அதை அபிலாஷிடம் கொடுத்தனுப்பிவிட்டு போனில் சொன்னார்: "யோசுவா, இது எங்கேருந்து வந்துதுன்னு வெள்ளிக்குள்ள அறியணும். இல்லெங்கில் திங்கள் முதல் வேற ஆளப் பாத்துக்குவோம், கேட்டோ."

யோசுவா அந்த நூலைத் தீப்பெட்டிக்குள் வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முதலில் என்னிடம்தான் வந்தான். என் முந்தானையைப் பிடித்து, ஓரத்தில் நூலை வைத்துப் பார்த்தான்.

"ஏலே, அக்காளுக்க சேலையிலயா தேடுத?"

"சிவப்பு சேலையில்லா. பாக்கண்டாமா?"

நான் மறுநாள் மத்தியானம் வரை அவனிடம் பேசவில்லை. அதற்குள் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், இலைக்கடைக் குற்றாலலிங்கத்தின் முன் தீப்பெட்டியைத் திறந்திருக்கிறான். அவர் தென்காசிக்காரர். "ஏ தம்பி, எலைய நூல்ல கோத்தா விக்கேன்? பூக்கடைன்னு நெனச்சு வந்துட்டியோ?" என்று கடை அதிரச் சிரித்தாராம். அடுத்தது அபிலாஷ்.

"சேட்டா, பொதியப் பிரிச்சு நான் என்ன செய்ய? எனக்கும் வீட்டுல அம்மை சோறு கட்டித் தருதா."

"பிரிச்சு என்ன செய்வ எண்ணு நான் கேக்கல்ல. பிரிச்சியா எண்ணு கேட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை. யோசுவா குழாயடியில் இலை கழுவிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். தண்டு வெட்டின முனையில் அவன் கையிலிருந்த வெங்காய வலை மாட்டியது. வெடுக்கென்று இழுத்தான். நான் அந்த இலையைத் துடைக்க எடுத்தபோது, தண்டின் பிசிரில் சிவப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் பக்கம் நீட்டினேன்.

ஈரக் கையோடு தீப்பெட்டியைத் திறந்தான். இரண்டு நூலையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"வேற யாராவது?"

"கர்த்தர் பாத்தாரு."

அவன் சிரிக்கவில்லை. எனக்குத்தான் பயம் வந்தது. "லேய், வெங்காயச் சாக்குல இருந்து வந்துது எண்ணு மட்டும் சொல்லு. பொய்யுமில்ல" என்றேன். அந்த வெள்ளை டப்பாவைப் பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தான்.

அன்றைக்கு இலைகளை வெறுங்கையால் தேய்த்தான். முப்பத்திரண்டும் கட்டி முடித்ததும் இன்னோர் இலையை எடுத்து வாட்டினான். வலையைப் பிழிந்து மடித்து அதில் வைத்தான். மேலே இரண்டு நூல்கள். சோற்றுக்கு மடிப்பதுபோலவே நான்கு பக்கமும் மடித்து, நாரால் கட்டி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

வாசலில் அபிலாஷ் வழக்கம்போல மூடியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றான்.

"இது மேடத்துக்கு" என்று யோசுவா அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான். "யோசுவா இத வச்சாக்கும் எல கழுவினான் எண்ணு சொல்லு. வேற ஒருத்தரும் காரணமில்ல எண்ணும் சொல்லு."

அபிலாஷ் இன்னும் விலகியே நின்றான். யோசுவா குனியவில்லை. மூடியைத் தன் கையாலேயே அழுத்தி மூடினான்.