பாலிகைச் சட்டியில் என் கோதுமை

லண்டனில் நான் கோதுமைக்குக் கலியாணம் கட்டி வைக்கிற வேலையில் இருந்தேன். எண்பதுகளின் கடைசி அது. ஒரு கோதுமையின் பூவைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் பிடுங்கிவிட்டு, வேறொரு கோதுமையின் மகரந்தத்தைத் தூவிக் கடதாசி உறை போட்டு மூடவேண்டும். இங்கிலாந்துக் கோதுமை நன்றாக விளையும், ஆனால் துருநோய் வந்தால் படுத்துவிடும். மலைநாட்டுக் கோதுமை ஒன்று நோய்க்கு அசையாது, ஆனால் விளைச்சல் கஞ்சத்தனம். இரண்டையும் சேர்த்ததில் எனக்குக் கிடைத்தது ஒரு கைக்குள் அடங்கும் விதை. அதில் கதிர் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீட்ட ஏலாது என்று பேராசிரியர் மிகுந்த மரியாதையோடு சொல்லியிருந்தார். வேலை போனால் விசா போகும். சண்டை நடந்துகொண்டிருந்த யாழ்ப்பாணம் அப்போது போய் இறங்கக்கூடிய நிலையில் இல்லை.

மாரிக்காலக் கோதுமைக்கு ஒரு வீம்பு உண்டு. முளைத்தபின் சில வாரம் குளிரில் கிடந்தால்தான் பிறகு கதிர் விடும். ஆய்வுகூடத்துக் குளிர் அறை பழுதாகிவிட, முளைகளை ஈரக் கடதாசியில் சுற்றி, நான் தங்கியிருந்த அக்கா வீட்டுப் பிரிட்ஜில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து டூட்டிங்கில் அக்காவின் மகளுக்குக் கலியாணம். மணவறைக்கு முன்னால் வைக்கும் பாலிகைக்கு, சட்டிக்கு ஒரு தானியமாக ஒன்பது சட்டிகளில், அக்கா நவதானியம் முளைக்கப் போட்டிருந்தாள். கடைக் கோதுமை மட்டும் அழுகிப்போனது. மனம் கலங்கிப் போய்ப் பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தவளுக்குக் கோதுமை முளைத்தே கிடைத்தது. கடவுள் தந்ததென்று கண்ணில் ஒற்றிச் சட்டியில் வைத்துவிட்டாள்.

வாடகைப் பள்ளி மண்டபத்தில், மணவறைக்கு முன்னால்தான் நான் அதைக் கண்டேன். ஐயரிடம் போய், வேறு கோதுமை வாங்கி வந்து மாற்றலாமா என்று கேட்டேன். மந்திரம் சொன்னபிறகு மாற்ற ஏலாது, எல்லாம் முடிந்ததும் ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும் என்றார். சுமங்கலிகள் வரிசையாக வந்து பாலும் தண்ணீரும் தெளித்தார்கள். பால் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஒவ்வொருவரின் காதிலும் கெஞ்சினேன். தாலி ஏறியபோது எல்லோரும் பொம்பிளையைப் பார்த்தார்கள், நான் சட்டியைப் பார்த்தபடி கண் கலங்கி நின்றேன். தாய்மாமனின் பாசம் என்று வீடியோக்காரர் என்னைக் கிட்டவந்து பிடித்தார்.

பந்தி நடக்கும்போது அக்காவைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டேன்.

"அக்கா, அது என்ர வேலை. அது போனால் என்னைத் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

அவள் முகம் வெளுத்தது. "பிள்ளையின்ர பாலிகையடா. தண்ணியில விடாமல் எடுக்கக்கூடாது" என்றாள்.

ஆகவே தண்ணீரில் விட்டே எடுப்பதென்று முடிவு செய்தேன். மற்றவர்கள் சட்டிகளோடு வான் வண்டியில் வந்து சேருமுன் மா அரிக்கும் அரிதட்டோடு வாண்டில் ஆற்றுக்கு ஓடினேன். பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, பெப்ரவரிக் குளிரில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். நாயோடு வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், மீனா என்று கேட்டார். கோதுமை என்றேன். இந்த மாதத்தில் கிடைக்குமா என்று அக்கறையோடு விசாரித்துவிட்டுப் போனார்.

பெண்கள் வந்தார்கள். எட்டுச் சட்டிகளை நடு ஆற்றில் கவிழ்த்தார்கள். அக்கா கோதுமைச் சட்டியை மட்டும் தன் கையில் வைத்திருந்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தண்ணீர் பட்டதோ படவில்லையோ என்கிற மாதிரி, என் பக்கத்துக் கரையோரமாகச் சரித்தாள். முளைகள் மண்ணோடு அரிதட்டில் விழுந்தன. எனக்கு வந்த சந்தோசத்தில் குளிரே தெரியவில்லை.

கோடையில் கதிர் வந்தது. துரு வந்தது, பயிர் அசையவில்லை. பேராசிரியர் கை குலுக்கினார். ஒப்பந்தம் நீண்டது, விசாவும் நீண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவின் மகள் பெட்டியோடு திரும்பி வந்தாள். விவாகரத்து முடிந்த அன்று அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள்.

"நான்தானேடா கரையில ஊத்தினனான்."

அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று, படித்த அத்தனையையும் வைத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ஓம்" என்றாள். "திரும்பக் கேட்டாலும் அங்கதான் ஊத்துவன்."