எரியாத வயிறும் ஏலக் குரலும்

வாழைத்தார் ஏலம் கூறுகிறவனுக்குத் தொண்டைதான் முதல். அந்தத் தொண்டையைக் கெடுத்தது என் வயிறு என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொன்னதைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. இன்றும் முழுதாக நம்புகிறேனா என்று தெரியவில்லை. நெஞ்செரிச்சல்காரர்களே, உங்களுக்காவது எரிகிறது. எனக்கு ஒருநாளும் எரிந்ததில்லை.

கரகரப்பு

முதலில் காலையில் மட்டும்தான் குரல் கம்மியது. அதற்கு எங்கள் மண்டியில் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. எலுமிச்சையைப் பிழிந்து, மிளகுத்தூள் போட்டு, வெறும் வயிற்றில் ஒரே மடக்கு. தினமும் குடித்தேன். குடிக்கக் குடிக்க மோசமானது; வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது. தார் எடுக்க வந்த சாத்தான்குளத்து வியாபாரி காதைக் குவித்துக்கொண்டு கேட்டார்:

“அண்ணாச்சி, ஏலம் போடுதியளா, ரகசியம் பேசுதியளா?”

பல் கூச்சம்

பச்சைத் தண்ணீர் பட்டாலே பல் கூசியது. பல் டாக்டர் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உள்பக்கமெல்லாம் அரிச்சிப் போயிருக்கே, புளியங்காயா தின்னுதிய?”

குழாய்

டாக்டரம்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டை வெந்து கிடக்கிறது, படுத்ததும் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறுகிறது, அதற்கு நெஞ்சு எரிந்தாக வேண்டும் என்றில்லை என்றார். இருமலும் பல் அரிப்பும் அதனால்தான் இருக்கும் என்றார். எலுமிச்சை கூடாது, சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, வயிற்றுக்கு மாத்திரை.

குரல் போனதற்கு வயிற்று மாத்திரையா? நான் வாங்கவே இல்லை. கூட வந்த மண்டிக் கணக்கர் ஆறுமுகம் ஆட்டோவில் ஏறியதும் சிரித்தார்:

“கால்ல முள்ளு குத்தினா தலைக்குக் கட்டுப் போடுவாவ போலுக்கே வே!”

மைக்

வேறு வழியில்லாமல் மண்டி முதலாளி மைக் வாங்கித் தந்தார். அதில் என் கரகரப்புதான் பெரிதாகக் கேட்டது. ஒரு நாள், வியாபாரி ஒருவர் கேட்ட விலையைத் திருப்பிச் சொல்வதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்து நிமிர்ந்தால் பாதிக் கூட்டம் பக்கத்து மண்டியில் நிற்கிறது. முதலாளி மைக்கைப் பைய என் கையிலிருந்து வாங்கினார்.

“நீங்க இனி தார் இறக்குறதப் பாருங்க அண்ணாச்சி. இத நான் பாத்துக்கிடுதேன்.”

அதன் பிறகுதான் மாத்திரையை வாங்கினேன். தலைமாட்டை உயர்த்திப் படுக்கிறேன். இருமல் நின்றுவிட்டது. குரல் வரவில்லை. போன வாரம் மறுபடி குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, புண் ஆறித் தழும்பாகிவிட்டது, பழைய குரல் சந்தேகம்தான், மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றார். ஏலத்தில் எத்தனையோ விலைக் கேள்விகளைக் கேட்டு வாங்கிய நான் அவரிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான்: “குரலே போன பெறவு, இந்த வயித்த மட்டும் காப்பாத்தி என்னம்மா செய்ய?”