ஓசிக் கோழி

முதியோர் இல்லத்துச் சமையல்காரிக்குக் கரண்டியம்மா என்று பெயர் வைத்தது யாரென்று தெரியாது. புருஷன் செத்த பிறகு, படுக்கையில் கிடப்பவர்களைக் குளிப்பாட்டும் வேலைக்கு வந்தவள். இடுப்பு மக்கர் பண்ணியதும் அடுப்படிக்கு மாறினாள். இரண்டு வேலையும் ஒன்றுதான் என்பாள்.

இல்லத்துக்குப் பின்னால் பெரிய கோழிப்பண்ணை வந்தது. எச்சமும் கழுவின தண்ணீரும் ஓடையில் இறங்கின. கொஞ்ச நாளில் இல்லத்துக் கிணறும் நாறியது. அதில் குளித்தவர்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாயில் பிடித்த நாலு குடம்தான். யாராவது வாய் திறப்பதற்குள் பண்ணைக்காரர் வாராவாரம் ஒரு கூடைக் கோழி ஓசியில் அனுப்ப ஆரம்பித்தார். மேலாளர் கப்சிப்.

ஒரு வாரம் கரண்டியம்மா கூடையைத் திருப்பி அனுப்பினாள். கோபத்தில் அனுப்பிவிட்டாளே தவிர, மாற்றுக்கு ஏற்பாடு இல்லை. கொண்டைக்கடலையை அரைகுறையாக ஊறவைத்து அவசரமாக வேகவைத்துப் போட்டாள். சாயங்காலம் கட்டிலுக்குக் கட்டில் வயிற்று உப்புசம். பலூன் கடை வைக்கலாம் என்று நர்ஸ் திட்டினாள். தப்பு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு, வெந்நீரோடு ஒவ்வொருவரிடமும் போய் முதுகு தடவிவிட்டாள். கோழியை மட்டும் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த முறை ராத்திரியே ஊறவைத்து, குழைய வேகவைத்து மசித்தாள். பல் இல்லாதவர்கள் வழித்துச் சாப்பிட்டார்கள்.

பல் இருந்த ஒருவர் பழைய கறிக்கடைக்காரர். “ஏம்மா, என்னை ஆடுன்னு நினைச்சியா? பயறும் கீரையுமா போடுறே?”

“ஆடா இருந்தா உங்க கத்திக்குத் தப்பியிருப்பீங்களா, அண்ணே?”

அவர் இருமும்வரை சிரித்தார். கறிமேல் தனக்கு விரோதம் இல்லை என்றாள் அவள். தண்ணீரைக் கெடுக்காதவனிடம் மேலாளர் காசு கொடுத்து வாங்கட்டும், அளவாகச் சமைத்துப் போடுகிறேன் என்றும் சொன்னாள்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். சும்மா வருவதை யாராவது தள்ளுவார்களா, பெரிய மனுஷனைப் பகைத்தால் இல்லம் நடக்குமா என்று நயமாகப் பேசிப் பார்த்தார். கடைசியில், நாளைக்குக் கூடை வரும், சமைக்காவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன் என்று முடித்துவிட்டார். வாழாவெட்டியாக வந்த மகளும் பேத்தியும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அவருக்கும் அது தெரியும்.

மறுநாள் காலை வண்டி வந்தது. கரண்டியம்மா பின்வாசலை மறித்து நின்றாள். மேலாளரும் வந்துவிட்டார்.

“கூடையை எடுத்துட்டுப் போ தம்பி. கோழி வேணாம், கிணறு வேணும்னு உங்க முதலாளிகிட்ட சொல்லு.”

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வம்பு எதற்கு என்று கூடையை மேலாளர் கையில் திணித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

“நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்” என்றார் மேலாளர்.

“சரி சார். இன்னைக்குச் சாப்பாடு என் பொறுப்பு, நான் போட்டுட்டுப் போறேன். நீங்க அந்தக் கோழியை எந்தத் தண்ணில கழுவுறதுன்னு யோசிச்சு வைங்க.”

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவர் கூடையோடு வாசலிலேயே நின்றார்.