கெட்டுப்போகாத கணினி

என் அண்ணன் வாசிஸுக்கு நாற்பத்தாறு வயதில் இரண்டாம் கல்யாணம் நடந்தது. அது எப்படி நடந்தது என்று சும்பிங், சிந்தோரோ மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் எங்கள் பராக்கான் ஊர்ச் சந்தையில் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். உள்ளது எனக்குத்தான் தெரியும். கடைவாசலில் நான் தெம்பே, அதாவது புளிக்கவைத்த சோயா வில்லைகளை, பொரித்துக்கொண்டிருக்கையில், அண்ணன் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டுப் போவார்.

அந்தக் கடை முன்பு அவருடைய பிரவுசிங் சென்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஹாங்காங்கில் வேலைசெய்யும் மனைவிமாரோடு முகம் பார்த்துப் பேச வரும் ஆண்களுமாக எப்போதும் கூட்டம். அண்ணனின் மனைவியும் அங்கேதான் வீட்டுவேலைக்குப் போயிருந்தாள். ஒப்பந்தம் முடிந்தும் திரும்பவில்லை. இனி வரப்போவதில்லை, இங்கேயே எனக்கு ஒருவர் துணை இருக்கிறார் என்று ஒருநாள் திரையில் தோன்றிச் சொன்னாள். அண்ணன், "சரி, உடம்பப் பாத்துக்க" என்றார். எழுந்து, காத்திருந்த அடுத்த ஆளுக்கு அந்த இயந்திரத்தை விட்டுக்கொடுத்தார். அவளைப் பற்றி ஒரு கடுஞ்சொல் அவர் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை. ஆனால் எங்கள் பக்கம் தங்கையையும் மனைவியையும் அழைக்கும் 'டிக்' என்ற சொல், அதற்குப் பிறகு எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

எல்லார் கையிலும் போன் வந்ததும் சென்டர் காற்று வாங்கியது. முன்பக்கத்தை எனக்குக் கடை வைக்கக் கொடுத்துவிட்டு, இயந்திரங்களைப் பின்னறையில், புகையிலை காயவைக்கும் மூங்கில் தட்டிகளுக்கு நடுவே அடுக்கினார். அவற்றில் இருந்த பழைய விண்டோஸுக்குக் காலம் முடிந்துவிட்டது. புதியதைப் போட்டால் கழுதை மேல் யானையை ஏற்றின மாதிரி முனகி நின்றுவிடும். பழைய இரும்புக்காரர் வந்து வந்து கேட்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றே அண்ணன் அவரை அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை மாகெலாங் நகரத்துக்குப் போனவர், அங்கே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் பழகும் சிநேகிதர்களிடமிருந்து ஒரு பென் டிரைவோடு திரும்பினார். பின்னறையிலிருந்து அவர் போட்ட கூச்சலில் என் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் விழுந்தது.

"டிக்! ஓடி வா! எந்திரிச்சிருச்சு!"

"யாரு எந்திரிச்சது?"

"அந்த மூலையில கெடந்ததுடீ! செத்துப்போச்சுன்னு நெனச்சமே!"

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு நாய்க்குட்டிப் படம். அந்த லினக்ஸுக்குப் பப்பி என்று பெயராம். குட்டி நாய் போல, சின்ன இடமும் கொஞ்சம் சாப்பாடும் போதுமாம் அதற்கு. அண்ணன் கண் கலங்கியிருந்தது. தூசி என்றார்.

அதன்பின் இரும்புக்காரர் வந்தால் காப்பி மட்டும் கிடைத்தது. அண்ணன் ஒவ்வொன்றாகத் திறந்து, பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி, உயிர்ப்பித்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். தொழுகைப் பள்ளி நடத்திப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் முன்தகீர் ஐயா, எங்கள் பேச்சில் பாக் முன்தகீர், மட்டும் திரையைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்.

"வாசிஸ், நல்ல காரியந்தான் பண்ற. ஆனா பள்ளிவாசலுக்குள்ள நாயக் கொண்டாந்து கட்டுறியேப்பா."

"படந்தானே பாக்?"

"படமே ஆனாலும் புள்ளைங்க கேக்குமே. வேற ஏதாவது பிராணி இல்லையா?"

இருந்தது. லுபுண்டு என்று இன்னொரு லினக்ஸ், அதன் அடையாளம் பறவை. "இது பரவால்ல, பறக்கட்டும்" என்று ஏற்றுக்கொண்டார் பாக் முன்தகீர். அன்றிலிருந்து அண்ணன் எங்கே போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்: "உங்களுக்கு நாயா, பறவையா?"

க்ளெடுங் மலைச்சரிவில் பாலர் பள்ளி நடத்திய பலுப்பியிடமும் அதையே கேட்டார். லாரி ஓட்டிய கணவர் இறந்தபின், வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தவள். யாரோ தானமாகக் கொடுத்த ஒரு பழைய கணினி அவளிடம் ஓடாமல் கிடந்தது.

"நாய்க்கு நான் சோறு போடணும். பறவைன்னா தானா தின்னுக்கும். பறவையே குடுங்க" என்றாளாம்.

இதை அண்ணன் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு பெரிய நகைச்சுவை அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கணினியைத் திறந்து, மெமரி அட்டையின் இருபக்கக் கவ்வியையும் அழுத்திக் கழற்றி, பித்தளை நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தார். அழிரப்பர் குழந்தைகளுடையது, எடுத்துக் கொடுத்தவள் பலுப்பி. திரும்பப் பொருத்தி, பறவையை ஏற்றி, குழந்தைகள் வரைவதற்கு ஒரு படப்பலகையும் போட்டுக் கொடுத்தார். குழந்தைகள் வரிசையில் நின்று மலை வரைந்தார்கள். சும்பிங்கும் சிந்தோரோவும் ஊதா நிறத்தில், பச்சை நிறத்தில், ஒன்று மீசையோடு.

அடுத்த வாரம் "சரியா ஓடுதான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்" என்று மலையேறினார். ஓடியது. அதற்கடுத்த வாரமும் போனார், ஓடியது. வைரஸ் இல்லை, திணறல் இல்லை, நடுவில் நின்றுபோவதும் இல்லை. பலுப்பி டீ கொடுப்பாள். குடித்து முடித்தால் அங்கே இருக்கக் காரணம் கிடையாது. எழுந்து வந்துவிடுவார்.

"மாஸ், அப்பப்பக் கெட்டுப்போற மாதிரி எதையாவது போட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்றேன். மாஸ் என்றால் அண்ணன்; மரியாதைக்கு எந்த ஆணையும் அப்படி அழைப்போம்.

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "தெரிஞ்சே கெட்டதக் குடுப்பாங்களா? என்ன பேச்சு இது?"

"அப்ப நேராக் கேட்டுருங்க."

எண்ணெய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டு, வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா, கம்ப்யூட்டரு பாக்கவும் போக முடியாது டிக்."



புகையிலை அறுவடை தொடங்கிய சமயம் பலுப்பியிடமிருந்து போன் வந்தது. "மாஸ் வாசிஸ், திரை இருட்டா இருக்கு. பீப் பீப்னு அழுவுது. புள்ளைங்க பயந்து போச்சுங்க." நல்ல மழை. அண்ணன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்தார். மெமரி அட்டை இடத்திலிருந்து கிளம்பியிருந்ததாம். பொருத்திவிட்டு, நனைந்த சட்டை காயும்வரை இருந்துவிட்டு வந்தார். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

சில நாளில் மறுபடி பீப். மறுபடி அதே அட்டை. மூன்றாம் தடவை கவலையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"அட்டையச் சொருகுற அந்தப் பலகையே தேஞ்சுபோச்சு போல. வேற மாத்திடலாம்னு பாக்குறேன்."

"அட்டை எப்படிக் கழலுது மாஸ்?"

"ரெண்டு பக்கமும் கவ்வி இருக்கு. ரெண்டையும் சேத்து அமுக்கினாத்தான் வெளிய வரும்."

"எத வச்சு அமுக்கணும்?"

"வெரலாலதான், வேற எதால..." என்றவர் நிறுத்திக்கொண்டார். நான் தெம்பேயைத் திருப்பிப் போட்டேன். ஒரு வாடிக்கையாளர் வந்து வாங்கிப் போனார்.

"அது தானா எந்திரிச்சு நடக்குமா மாஸ்? நீங்க கழட்டும்போது பக்கத்துல நின்னு பாத்தது யாரு?"

அவர் காது சிவந்துவிட்டது. நாற்பத்தாறு வயதுக்காரருக்குக் காது சிவந்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மதியம், திருப்புளிப் பையை என் கடையிலேயே விட்டுவிட்டு மலையேறினார். அங்கே நடந்ததை இருவருமே பிறகு எனக்குச் சொன்னார்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பலுப்பி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "இன்னிக்கு ஒண்ணும் கெடலயே" என்றாள்.

"தெரியும். ரிப்பேருக்கு வரல."

அவள் சுருட்டிய பாயை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். "கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"என் தங்கச்சி கண்டுபுடிச்சா. நான் பலகையத்தான் சந்தேகப்பட்டேன்."

"நல்ல ஆளு போங்க!" பலுப்பி சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பு நின்றது. "பொம்பள நானா கூப்பிட்டா ஊரு என்ன பேசும்னு தெரியுமில்ல? பெத்தவங்க புள்ளைங்கள அனுப்புவாங்களா? கம்ப்யூட்டரு கூப்பிட்டா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. அதான்."

அண்ணன் வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனது அத்தனையும் மறந்துபோயிற்று. "இனிமே அத அழ வைக்காத டிக்" என்றார். அவ்வளவுதான் சொன்னாராம். அந்தச் சொல் வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்திருக்கிறது.

அப்போது இவர் அழுதார் என்கிறாள் பலுப்பி. இல்லவே இல்லை என்கிறார் அண்ணன். மற்றபடி இருவர் சொல்வதும் ஒன்றேதான்.

அறுவடை முடிந்து மலையில் கைகள் ஓய்ந்த பிறகு கல்யாணம். பாக் முன்தகீர்தான் துஆ ஓதினார். ஓதி முடித்து மாப்பிள்ளையின் காதருகே குனிந்து, "ஒருவழியா கூண்டுக்கு வந்துட்டியே" என்றார். முதல் வரிசையில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. பலுப்பியிடம் படிக்கும் பிள்ளைகள் மணமக்களைக் கணினியில் வரைந்து கொண்டுவந்திருந்தார்கள். அண்ணனுக்கு மூன்று கால். மூன்றாவது எதற்கு என்று கேட்டால், மோட்டார்சைக்கிளை நிறுத்திவைக்க என்றது ஒரு குழந்தை.

அண்ணன் க்ளெடுங்கில் குடியேறினார். பின்னறை காலியாகிவிட்டது, அதில் இப்போது நான் கோதுமை மாவு மூட்டை வைத்திருக்கிறேன். யார் வீட்டிலாவது பழைய கணினி கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் இப்போது இருவருமே கிளம்பிவிடுகிறார்கள். அவர் உள்ளே போய் லினக்ஸ் ஏற்றுவார். அவள் வாசலில் உட்கார்ந்து அந்த வீட்டுப் பெண்களுக்குச் சுட்டியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பாள். புகையிலைக் கிடங்கில் இலை பிரிக்கும் பெண்கள் நாலுபேர் அவளிடம் தட்டச்சு பழகி, தங்கள் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கைத் தாங்களே எழுதுகிறார்கள். இவ்வளவு பழைய பெட்டி இன்னும் எத்தனை நாளுக்கு என்று யாராவது கேட்டால் அண்ணன் வாய் திறப்பதற்குள் பலுப்பி சொல்லிவிடுவாள்: "அது கெடாதுங்க. நான் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன்."

போன வாரம் மோட்டார்சைக்கிளில் கடை வழியாகப் போனார்கள். பலுப்பி பின்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் சாரோங் துணி சுற்றிய ஒரு சிபியு. பனி இறங்கிக்கொண்டிருந்தது. தெம்பே சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் கத்தினேன். வண்டி நிற்கவில்லை. அவள் ஒரு கையால் துணியை இழுத்து அதன் தலையை மூடிக்கொண்டு, மறு கையை எனக்கு ஆட்டினாள்.